கண்ணாடிக் குப்பியும் கிறிஸ்துமஸ் அலங்காரமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

டிசம்பர் பிறந்ததுமே நம் தூத்துக்குடித் தெருக்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. கடையில் பளபளக்கும் கண்ணாடி உருண்டைகளை விலை கேட்டுவிட்டு மட்டும் திரும்புகிற வீடுகளும் அதே தெருக்களில் உண்டு. அவ்வீடுகளின் அடுக்களையிலும் ஊறுகாய்க் குப்பி, ஜாம் குப்பி, காப்பித்தூள் குப்பி என நாலைந்து இருக்கும். அவற்றைக் கொண்டே அலங்காரம் செய்யலாமே என்பது பலருக்கும் தோன்றுகிற யோசனைதான். ஆனால் பழைய குப்பி என்றால் வேண்டாத குப்பி என்று கொள்வது எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பொருந்தாது.

என் தாயார் உப்பளத் தொழிலாளி. ஒரு குப்பி காலியானால் மறுநாளே அது உப்புக்கோ புளிக்கோ இடமாகிவிடும். "எடுத்துக்கோ. மாசி மாசம் புதுப் புளி வந்ததும் குப்பி எனக்கு வேணும்" என்பதே அம்மா விதித்த நிபந்தனை. எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் நான். என்றாலும் குப்பியைப் பற்றிய பட்டறிவில் அம்மாவே மூத்தவர். ஆகவே வெட்டாமலும், உடைக்காமலும், கழுவ முடியாத எதையும் பூசாமலும் ஒரு குப்பியை எவ்வாறு அழகுபடுத்தலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் கடைப் பந்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். ஜெர்மனியில் துரிங்கியா மலைப்பகுதியில் லௌஷா என்றோர் ஊர். 1597-ல் அங்குக் கண்ணாடிப் பட்டறை அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்வூர்க் கைவினைஞர்கள் தம் வீடுகளிலேயே கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி ஊதி, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகளைச் செய்தனர். மரத்தில் கட்ட ஆப்பிளும் கொட்டைகளும் வாங்க இயலாத ஓர் ஏழைத் தொழிலாளி அவற்றைக் கண்ணாடியில் ஊதிக்கொண்டார் என்றொரு கதையும் வழங்குகிறது. கதையாயினும் நம்பத் தோன்றும் கதை! இன்று நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்துப் பிரோசாபாத்திலிருந்தும் இத்தகைய கண்ணாடி அலங்காரப் பொருள்கள் அயல்நாடு செல்கின்றன.

அந்த உருண்டைகளின் வெள்ளிப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? ஆல்டிஹைடு, அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியில் படியவைக்கும் என்பதை 1835-ல் லீபிக் கண்டறிந்தார். நம் ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயின் உட்சுவரில் ஆடிபோல் வெள்ளி படியும் டாலன்ஸ் சோதனையும் இதே வினைதான். அதைக் கண்டதும் வீட்டுக் குப்பியிலும் செய்து பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். கூடாது. மீந்த கரைசலை வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் அதில் உண்டாகும். வெள்ளி பூசிய குப்பியில் பிறகு புளி வைக்கவும் முடியாது. ஆக, நம் நிபந்தனைக்கு லீபிக் உதவமாட்டார்.

உதவுவது உப்பு. பனியையே காணாத நம் ஊரின் அன்னைக்குப் பனிமய மாதா என்று பெயர். 1713-ல் எழுந்த அவ்வாலயம் 1982-ல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. அந்த ஊரில் பனிக்கு உப்பைவிடப் பொருத்தமான பொருள் வேறென்ன? குப்பியின் அடியில் இரண்டு விரற்கடை உப்பைப் பரப்பி, அதன்மேல் மணப்பாட்டுப் பெண்கள் முடைவது போன்ற சிறு பனையோலை நட்சத்திரம் ஒன்றை நட்டுவைத்தால் போதும்.

ஆனால் எந்த உப்பு? இங்கேதான் பாடம் இருக்கிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்க்கும். சாதாரணக் கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடோ சுமார் 33 விழுக்காட்டிலேயே நீரை இழுத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பரில், கடலோர ஊரில், கல்லுப்புப் பனி ஒரே இரவில் கண்ணீர் வடிக்கும். எனவே தூள் உப்பை வெறுஞ்சட்டியில் வறுத்து, நன்கு ஆறவிட்டு, உலர்ந்த குப்பியில் கொட்டி உடனே மூடுக. தகர மூடியானால் உட்புறம் சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் துரு பிடிப்பது குறையும்.

குப்பியில் ஒட்டிய தாளை நகத்தால் சுரண்டி அல்லற்பட வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்துத் தாளை உரித்தபின், எஞ்சும் பிசினில் ஆப்பச் சோடாவும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசி அரைமணி கழித்துத் தேய்த்தால் வந்துவிடும். வெளியே வண்ணத்தாள் ஒட்ட மைதாப் பசையே உகந்தது. தண்ணீரில் நனைத்தால் தடயமின்றிப் போகும். தொங்கவிட, மோட்டார் வைண்டிங் கடையில் கழித்த செம்புக் கம்பியைக் கழுத்து விளிம்பின் கீழ் இருமுறை சுற்றி முறுக்குக.

அடுத்து விளக்கு. நண்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. கனமான ஊறுகாய்க் குப்பி, மெல்லிய பீக்கரைவிட வெப்பத்தைத் தாங்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. குப்பி, மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும் உருகிக் கலந்த கண்ணாடி. ஒரு பாகை வெப்பத்திற்கு நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரியும். பீக்கரின் போரோசிலிக்கேட் கண்ணாடி 3.3 பங்கே விரியும். மேலும் கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுவர் தடித்திருந்தால் உட்புறம் விரிய முயல, வெளிப்புறம் குளிர்ந்தே நின்று இழுக்கும். விளைவு விரிசல். தொங்கும் குப்பியில் மெழுகுவர்த்தி வைப்போர், நெருப்பும் கண்ணாடியும் ஒருங்கே கீழே விழ வழிசெய்கின்றனர். கீழே வைக்கோலும் ஓலையும் வேய்ந்த குடில் இருந்தால் கேட்கவும் வேண்டுமா?

மன்னார் வளைகுடாவின் அக்கரையில் நிகழ்ந்ததை இங்கே கூறலாம். இலங்கையில் மின்சாரம் எட்டாத வீடுகளில், பழைய குப்பியில் திரியிட்ட மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்து பலர் தீக்காயமுற்றனர். அவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, மருந்தோடு நில்லாமல் விளக்கையே மாற்றினார். குட்டையும் கனமுமாய், உருளாதபடி இரு பக்கமும் தட்டையாய், திருகு மூடியுடன் அமைந்தது அவ்விளக்கு. அவருக்கு அவ்வடிவத்தை உணர்த்தியது ஒரு மார்மைட் குப்பி! 1998-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

ஆகவே சுடர் வேண்டுவோர் குட்டையான, வாயகன்ற குப்பியைத் தரையில் வைத்து, அடியில் உலர்ந்த மணல் பரப்பி, சுவரைத் தொடாமல் நடுவில் சிறு மெழுகுத்துண்டை நிறுத்துக. மூடியிடலாகாது. குடிலுக்கு அருகே வேண்டவே வேண்டாம். தொங்கும் குப்பிக்குப் பேட்டரியில் எரியும் எல்.இ.டி. சரமே தகுந்தது. வீட்டு மின்சாரத்தில் எரியும் சீரியல் விளக்கை உப்புப் பனிக் குப்பிக்குள் நுழைக்காதீர்கள். ஈரம்பட்ட உப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

மண்ணெண்ணெய் நனைத்த நூலைச் சுற்றிக் கொளுத்தித் தண்ணீரில் அமிழ்த்திக் குப்பியை வெட்டும் வித்தையைச் சிறுவர்கள்கூடச் செய்கின்றனர். மேற்சொன்ன விரிசல்தான் அதுவும். நாம் நினைத்த கோட்டில்தான் ஓடும் என்ற உறுதியில்லை. நமக்கோ வெட்டிய குப்பியால் பயனுமில்லை.

சிப்பி ஒட்ட விரும்புவோர் கரையில் ஒதுங்கும் சாதாரண மட்டிச் சிப்பிகளோடு நிறுத்திக்கொள்ளட்டும். பவளத்துண்டுகளை, இறந்தவையாயினும், எடுத்தல் சட்டப்படி குற்றம். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் கம்பியை அவிழ்த்து, தாளை நனைத்து உரித்து, குப்பியைக் கழுவி வெயிலில் காயவைக்கலாம். வறுத்த உப்பு கெட்டுப்போவதில்லை. அதில் ஒரு பிடியைப் புளியோடு பிசைந்து அதே குப்பியில் அடைக்கப்போவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.