மனநோயும் தொழிலும்: கொல்லிமலை தரும் ஒரு பாடம்

உடல் நோயுற்றாரைக் கண்டால் உலகம் இரங்குகின்றது. மனம் நோயுற்றாரைக் கண்டாலோ நகைக்கின்றது, அன்றேல் அஞ்சி விலகுகின்றது. காலொடிந்த குமாஸ்தா ஒருவர் மூன்று மாதங் கழித்துக் காரியாலயத்திற்கு மீண்டால், நாற்காலி எடுத்து இடுவோர் பலர். மனச்சோர்வு நோயால் அதே மூன்று மாதம் விடுப்பிலிருந்து மீண்டவர்க்கோ, அவருடைய நாற்காலியே இல்லாமற் போதலும் உண்டு. இவ்வேறுபாடு நியாயமாமோ என்பதும், இத்தகையாரைத் தொழிலில் நிலைபெறச் செய்யும் வழி யாது என்பதுமே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இஃது எங்கோ சிலர்க்கு நேரும் துன்பம் அன்று. 2015–16-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் வயதுவந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் யாதானும் ஒரு மனநோயுடையர் என்று கணக்கிட்டது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் ஆண்டுதோறும் உலகில் 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆகவே, பத்துப் பேர் கூடித் தொழில் செய்யும் இடமெல்லாம் இவ்வினாவுக்கு விடை தேடவேண்டிய இடமேயாம்.

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கும் இப்பொருளுக்கும் தொடர்பு யாது? கூறுதும். 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிறந்த குழந்தை ஒன்று இம்மலையில் வளர்ந்தது. அதன் தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டு, மலைவாசிகளுக்கு மருந்தோடு தச்சுத்தொழில் முதலியவற்றையும் கற்பித்த பாதிரியார். அக்குழந்தையே பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சத்திர சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்டு.

அவர் கண்ட உண்மை ஒன்று நமக்குப் பெரிதும் பயன்படும். கைகளைச் சீர்செய்து அனுப்பியும், அம்மனிதரை வேலைக்கு ஏற்பார் இல்லை. நிமிர்ந்த கைகளோ பிச்சைக்கும் உதவவில்லை! சிகிச்சை முடிந்தது, வாழ்வு தொடங்கவில்லை. இதனை உணர்ந்தே வேலூரில் நவஜீவன நிலையம் நிறுவப்பட்டது. அங்கே தச்சுத்தொழில் கற்பிக்கப்பட்டது. உணர்ச்சியற்ற கை புண்படுவது கருவியைப் பிடிக்கும் முறையினாலும் என்று கண்டு, கைக்குத் தீங்கு வாராவண்ணம் கருவியும் தொழில்முறையும் ஆராயப்பட்டன. மனிதனைத் தள்ளாமல் கருவியை மாற்றினர். இதுவே நாம் கற்கவேண்டிய பாடம். தொழுநோயும் மனநோயும் வேறு வேறு; ஆயினும் நோயினும் கொடிது நோயாளியை விலக்கும் வழக்கம் என்பது இரண்டிற்கும் பொது.

இப்பாடத்தை இம்மலையின்கண் உள்ள சோளக்காட்டில் வைத்துப் பார்ப்போம். இங்குச் சந்தையும் கடைகளும் உண்டு. சுற்றிலும் மிளகு, காப்பி, அன்னாசி, வாழை முதலியன விளைகின்றன. மிளகு பறிப்பவர் உயர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி ஏறவேண்டும். அத்தொழிலாளருள் ஒருவர் மனச்சிதைவு நோய்க்கு மருந்துண்பவர் என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய மருந்துகளுட் சில காலையில் உறக்கக் கலக்கத்தையும், சில கைந்நடுக்கத்தையும் தரும். அறியாத முதலாளி அதனைச் சோம்பல் என்பார். அஞ்சும் முதலாளி வேலையினின்றே நீக்குவார். அறிவுடையவரோ ஏணிவேலையைப் பிறர்க்கு அளித்து, மிளகை உலர்த்தல், தரம்பிரித்தல், நிறுத்தல், மூட்டைகட்டல் ஆகியவற்றை அவர்க்குத் தருவார். கூலி குறையாது, வேலையும் கெடாது, விபத்தும் நேராது. எழுபது கொண்டையூசி வளைவுகள் இறங்கி மருத்துவமனைக்குப் போய்வருதற்கு ஒரு நாள் செல்லும். மாதத்தில் அவ்வொரு நாளை முன்னரே குறித்துவைத்து விடுப்பளித்தால், மருந்து இடையறாது. நோய் மீளும் அபாயமும் குறையும்.

இஃது இரக்கத்தின்பாற்பட்டது மட்டுமன்று, சட்டத்தின்பாற்பட்டதும் ஆம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் அட்டவணையிற் சேர்த்துள்ளது. அரசாங்க ஊழியர் ஒருவர் பணிக்காலத்தில் இத்தகைய குறையுற்றால், அவரை நீக்குதலோ பதவியிறக்குதலோ கூடாது. அப்பணிக்கு இயலாதவராயின், அதே சம்பளத்தில் வேறு பணி தரவேண்டும் என்கிறது. மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், 2021 டிசம்பர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்விதியையே உறுதிசெய்தது. மாற்றுப்பணி தர நேரின் ஊதியம் காக்கப்படவேண்டும் என்றும், அப்பணி துப்பாக்கியைக் கையாளாத பணியாக இருக்குமாறு அதிகாரிகள் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பளித்தது. சோளக்காட்டு ஏணிக்கும் துப்பாக்கிக்கும் நீதி ஒன்றே: ஆபத்தை விலக்குக, ஆளை விலக்கற்க.

இனி, தொழிலிடத்தில் நாம் கைக்கொள்ளத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, நோயின் பெயரைத் துருவிக் கேளாது, வேலையில் எது கடினமாயிருக்கிறது என்று தனியே கேட்டல். இரண்டாவது, கேட்டறிந்ததை மூன்றாமவரிடம் சொல்லாமை. ஒருவர் நம்பிச் சொன்னது சிற்றுண்டிச் சாலைப் பேச்சாகுமாயின், அடுத்தவர் ஒருபோதும் வாய்திறவார். மூன்றாவது, விடுப்பிலிருந்து மீள்வார்க்கு முதல் சில வாரம் குறைந்த நேரமும் தெளிவான சிறு வேலைகளும் அளித்துப் படிப்படியே உயர்த்தல். நான்காவது, பல கட்டளைகளை ஒருங்கே வாயாற் கூறாது எழுதித் தருதல். ஐந்தாவது, “மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளும்” என்னும் வெற்றுபதேசத்தை ஒழித்தல். காய்ச்சலுற்றவனை நோக்கி உடம்பைக் குளிரவைத்துக்கொள் என்பார் உண்டோ? ஆறாவது, ஒருவர் உயிரை வெறுத்துப் பேசுவாராயின் அதனை விளையாட்டாக எண்ணாது, தனியே விடாது, உடனே உதவி நாடுதல். 2022-ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் என்னும் அரசாங்கச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

இவ்வாறு செய்தால் வேலையின் தரம் குன்றாதோ என்பார் உளர். தரத்தைக் குறைக்குமாறு நாம் கூறவில்லை. செய்யவேண்டியதைத் தெளிவாகச் சொல்லி, செய்தற்குரிய வழியைத் திறந்துவைத்து, பின்னர் மற்றவரைப்போலவே மதிப்பிடுக என்கிறோம். குறை கண்டும் கூறாது விடுதல், அவரை மனிதராக மதியாமையேயாம்.

மாணவ நண்பர்காள்! நாளை நீவிர் தலைமையாசிரியராகவும், மானேஜராகவும், அதிகாரியாகவும் அமர்வீர். ஒருநாள் உம் மேசைமுன் ஒருவர் மருத்துவச் சான்றிதழுடன் தயங்கி நிற்பார். அவர் குடும்பத்தின் உணவும், அவர் தம்மையே மதிக்கும் மதிப்பும் அக்கணத்தில் உம் சொல்லைப் பற்றி நிற்கும். அப்பொழுது, “இவரால் என்ன பயன்?” என்று வினவாது, “இவர் பணி செய்வதற்கு யாம் எதனை மாற்றவேண்டும்?” என்று வினவுவீராக. கல்வியின் பயன் அவ்வினாவில் விளங்கும்.