மூச்சைப் பிடிப்பதும் மூச்சைப் பார்ப்பதும்: கொற்கைக் கரையின் இளைய வாசகருக்கு ஒரு கடிதம்



தியானம் பயிலத் தொடங்கும் பலர் சில நாள்களிலேயே அதைக் கைவிட்டுவிடுகின்றனர். மனத்தை அசையவிடாமல் பிடித்து நிறுத்துவதே தியானம் என்று எண்ணி, பிடிக்கு அகப்படாத மனத்தோடு மல்லுக்கட்டிச் சலித்து, தமக்கு அது வராது என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுவதே அதற்குக் காரணம். கொற்கை முதல் தூத்துக்குடி வரையிலான கடற்கரையில் பிறந்தவர்களுக்கு இந்த எண்ணம் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஏனெனில் மூச்சை அடக்குவது இங்கே ஈராயிரம் ஆண்டுகளாகச் சோறு போட்ட திறமை. ஆகவே தியானத்தின் முதற்பாடத்தைச் சொல்லும் முன், முத்துக் குளிப்பவரின் மூச்சும் தியானம் பயில்பவரின் மூச்சும் எங்கே பிரிகின்றன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

தாமிரபரணி கடலோடு கலந்த இடத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கையை, கிரேக்க நூலோர் கொல்கோய் என்று குறித்தனர். ஆற்று வண்டல் படியப் படியக் கடல் விலகிப்போனதால், அவ்வூர் இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராக இருக்கிறது. முத்து வணிகம் கொற்கையிலிருந்து காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் இடம் மாறியது. தூத்துக்குடிக் கடலில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்த ஆண்டு 1961. முத்துச் சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் ‘பார்’ என்பர். காற்று தணிந்து கடல் தெளிந்திருக்கும் மாதங்களில், கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை உள்ளிழுத்து நிறுத்தி, ஐந்து முதல் பத்துப் பாகம் வரை, அதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீட்டர் ஆழத்துக்குக் குளியாள் இறங்குவார். பெரும்பாலும் ஒரு நிமிட அளவே அடியில் இருந்து, சிப்பிகளை வாரிப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் கயிற்றைப் பிடித்து நிற்பவர் இழுப்பார்.

அந்த ஒரு நிமிடத்தில் உடலுக்குள் நடப்பதை இன்றைய உடலியல் நன்றாக விளக்குகிறது. முகம் நீரில் மூழ்கி மூச்சு நின்றவுடன் இதயத் துடிப்பு தானாகவே குறைகிறது. கை கால்களுக்குச் செல்லும் குருதி குறைந்து, இதயத்துக்கும் மூளைக்கும் உயிர்வளி சேமிக்கப்படுகிறது. ‘மூச்சு விடு’ என்று உடலை நெருக்கும் உந்துதல், உயிர்வளி குறைவதைக் காட்டிலும் குருதியில் கரியமில வாயு பெருகுவதாலேயே முதன்மையாக எழுகிறது. இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினால் கரியமில வாயு குறைந்துபோய், உந்துதல் தாமதமாகிறது. அது எழுவதற்குள் உயிர்வளி தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இன்றி நீருக்குள்ளேயே நினைவிழக்க நேரிடுகிறது. நீச்சல் குளத்தில் போட்டிக்கு மூச்சடக்கும் இளைஞர்களும் இவ்வாறு இறந்திருக்கின்றனர்.

முத்துக்குளிப்பை யோகத்தின் ஒரு வகையாகப் புனைந்து சொல்ல ஆசை எழலாம். அந்த ஆசையைத் தவிர்க்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் கையேடு, கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டதாகக் கூறுகிறது. பின்னாளில் அது பரதவரும் மற்றக் கடலோர மக்களும் குடிவழியாகக் கற்ற தொழிலாயிற்று. எப்படியாயினும் அது உடலை வருத்திய உழைப்பு. கீழே சிப்பி இருந்தது, மேலே கூலி இருந்தது, இடையில் சுறா பற்றிய அச்சமும் இருந்தது. அங்கே மூச்சு வெல்லப்படவேண்டிய ஒன்று. தொடக்கநிலைத் தியானத்திலோ மூச்சு வெறுமனே கவனிக்கப்படவேண்டியது. அதை நீட்டவோ, ஆழப்படுத்தவோ, நிறுத்தவோ தேவையில்லை.

இதற்கு மாறாக, யோக நூல்களே மூச்சை அடக்கச் சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொல்கின்றன. திருமூலரின் திருமந்திரம், பூரகம் என்னும் உள்ளிழுத்தலுக்கு 16 மாத்திரை, கும்பகம் என்னும் நிறுத்தலுக்கு 64 மாத்திரை, இரேசகம் என்னும் வெளிவிடுதலுக்கு 32 மாத்திரை என்று அளவு வகுக்கிறது. மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம். ஆனால் அந்நூலின் மூன்றாம் தந்திரம் பேசும் எட்டு உறுப்புகளின் வரிசையைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்கள் முதலில் நிற்கின்றன. ஆதனம் என்னும் இருக்கை அடுத்து வருகிறது. பிராணாயாமம் நான்காவதாக அமைகிறது. புலன்களை உள்ளே திருப்பும் பிரத்தியாகாரமும், கவனத்தை ஒரு பொருளில் நிறுத்தும் தாரணையும் அதன்பின் வருகின்றன. தியானம் ஏழாவது, சமாதி எட்டாவது. இக்காலத்தில் தியானம் என்ற பெயரில் தொடக்கத்தில் கற்பிக்கப்படுவது, சரியாகச் சொன்னால், ஐந்தாம் ஆறாம் உறுப்புகளின் பயிற்சியே. இதை அறிந்துகொண்டால், பத்து நாளில் ‘தியானம் கைகூடவில்லை’ என்று வருந்த இடமே இராது. கும்பகத்தைப் பொறுத்தவரை, நேரில் இருந்து திருத்தும் ஆசிரியர் இல்லாமல் அதைத் தொடங்கவே கூடாது.

இருக்கையைப் பற்றி அறிய வெளியூர் செல்ல வேண்டியதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தின் கழுகுமலையில், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் சமணர் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சமணத் துறவியரும், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் வாழ்ந்து கற்பித்த இடம் அது. அமர்ந்த உருவங்களில் முதுகு நிமிர்ந்திருக்கிறது. ஆனால் தோள்கள் விறைக்கவில்லை. ஒரு கையின் மேல் மற்றொரு கை மடியில் கிடக்கிறது. நின்ற உருவங்களோ காயோத்சர்க்கம் என்னும் நிலையில் உள்ளன. உடலின் மீதுள்ள பற்றை விட்டு, கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்றல் என்பது அதன் பொருள். சம்மணம் கொட்டி உட்கார்ந்தால்தான் தியானம் என்று கருதி முழங்கால் வலியோடு போராடுவோர் இவ்வுருவங்களைப் பார்க்க வேண்டும். தரையில் அமர இயலாதவர் நாற்காலியில் பாதங்கள் தரையில் படிய அமரலாம். தூக்கம் வந்தால் எழுந்து நிற்கலாம். முதுகு தானாக நிமிர்ந்திருக்க வேண்டும் என்பதே முக்கியம். கூன் விழுந்த முதுகில் தூக்கமும், விறைத்த முதுகில் எரிச்சலும் விரைவில் வந்து சேரும்.

பயிற்சிக்கு விடியற்காலை ஏற்றது. பகலில் கடற்காற்று எழும்பி ஊர் இரையத் தொடங்குமுன், வயிறும் நிறைந்திராத அந்த வேளையில், பத்து நிமிடத்துக்கு மணி வைத்து, கைப்பேசியை வேறு அறையில் விட்டுவிட்டு அமரலாம். கண்களை மூடலாம், அல்லது சற்றே திறந்து எதிரேயுள்ள தரையில் பார்வையைத் தாழ்த்தலாம். மூச்சு மூக்கின் நுனியில் உரசுவதையோ, வயிறு எழுந்து தாழ்வதையோ, இரண்டில் எது தெளிவாகத் தெரிகிறதோ அதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சும் வெளியேறும்போது ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். நான்கை எட்டுமுன் மனம் தேர்வையோ, நேற்றைய சண்டையையோ, பசியையோ தேடிப் போய்விடும். போய்விட்டது என்று தெரிந்த அந்தக் கணமே பயிற்சியின் நடுநாயகம். கடலடியில் குளியாளுக்குக் கயிறு எப்படியோ, அப்படியே அலைந்த மனத்துக்கு மூச்சு. தன்னைத் தானே கடிந்துகொள்ளாமல், ஏன் போயிற்று என்று ஆராயாமல், ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடி முப்பது முறை திரும்பி வந்தால், முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

மனம் ஓடுவது தனிமனிதரின் குறையன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகியோர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் நாளின் பல வேளைகளில் கைப்பேசி வழியே கேட்டபோது, விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் அவர்களின் மனம் செய்யும் வேலையை விட்டு வேறெங்கோ இருந்தது தெரியவந்தது. அவ்வாறு அலைந்த வேளைகளில் அவர்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு.

இனி ஓசை பற்றி. ஊர் ஓசைகள் அடங்கினால்தான் அமைதி என்று காத்திருப்பவருக்கு அமைதி கிட்டாது. கொற்கையிலிருந்து தாமிரபரணிக் கரையோடு மேற்கே சென்றால் வரும் ஆழ்வார்திருநகரியில், பழைய திருக்குருகூரில், புளியமரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் பேசாது அமர்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. வடக்கே யாத்திரை சென்றிருந்த மதுரகவி, தெற்கே தெரிந்த ஒளியைத் தொடர்ந்து அங்கு வந்து, அமர்ந்திருப்பவருக்குச் செவிப்புலன் உண்டா என்று அறிய ஒரு கல்லைக் கீழே போட்டாராம். அவ்வொலி கேட்டு நம்மாழ்வார் கண் திறந்தாராம். அதன்பின் மதுரகவி கேட்ட கேள்விக்கு அவர் விடையும் கூறினார். இக்கதையில் பதினாறு ஆண்டுகளே பலரையும் கவர்கின்றன. தொடக்கநிலையில் இருப்பவருக்கோ கல்லின் ஓசைதான் பயன் தரும் செய்தி. அசையாதிருந்தவருக்குக் காது அடைபடவில்லை. உலகம் தட்டியபோது அவர் விழித்தார், பேசினார், பிற்பாடு 1,102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழியையும் தந்தார். ஆகவே கோயில் மணியோ, வாங்கோசையோ, சாலையில் லாரியின் ஒலிப்பானோ கேட்டால், கேட்டது என்று அறிந்து மூச்சுக்குத் திரும்பினால் போதும். ஒளி தெரிவது, உடல் மிதப்பது போலத் தோன்றுவது முதலியவற்றுக்கும் இதே மரியாதைதான். அவற்றைத் தேடிப் போகவோ, பிறரிடம் பெருமையாகச் சொல்லவோ வேண்டாம்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. தியானம் எல்லோருக்கும் எப்போதும் இதமாகவே அமையும் என்பது உண்மையன்று. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட விரிவான ஆய்வு, தியானம் பயில்வோரிடையே அச்சம், தூக்கக் கேடு, தன்னுணர்வு பிறழ்தல் போன்ற இடர்கள் நேர்வதைப் பதிவு செய்தது. நாள் முழுதும் மௌனத்தில் இருக்கும் நீண்ட முகாம்களுக்கு முதல் ஆண்டிலேயே செல்ல அவசரப்பட வேண்டாம். ஏற்கெனவே மனத்துயருக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தலாகாது. கண்ணை மூடினாலே பதற்றம் கூடுகிறவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்ல நடந்தபடி பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். அதுவும் முழுமையான பயிற்சியே. துயரம் தொடர்ந்தால், அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

இளைய வாசகரே, இக்கடிதத்தைப் படித்து முடித்ததும் தியானம் பற்றி இன்னொரு நூலைத் தேட வேண்டாம். நாளை விடியலில் பத்து நிமிடம் அமருங்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள், மனம் ஓடினால் ஒன்றிலிருந்து எண்ணுங்கள், மறுநாளும் அவ்வாறே அமருங்கள்.