கண் மஞ்சளானால் காத்திருக்காதீர்கள்

கொல்கத்தாவில் ஜாதவ்பூர் என்ற இடம் உள்ளது. அங்கே ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. பின்னாளில் அதற்கு டாக்டர் குமுத் சங்கர் ராயின் பெயரை வைத்தார்கள். 1947 மே 13 அன்று வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா அங்கே காசநோயால் இறந்தார். அவருக்கு வயது 20. காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஐசோனியாசிட் மாத்திரை 1952-ல்தான் வந்தது. அவருக்கு அது கிடைக்கவில்லை.

இன்று நமக்கு மருந்து உண்டு. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.

ஆனால் சில கிருமிகள் வழக்கமான மருந்துக்குச் சாவதில்லை. இதுதான் மருந்தை எதிர்க்கும் காசநோய். இதற்கு வேறு மருந்துகள் வேண்டும். முன்பு ஒன்றரை, இரண்டு வருடம்கூடச் சாப்பிட வேண்டியிருந்தது. 2024-ல் இந்திய அரசு புதிய சிகிச்சைக்கு அனுமதி தந்தது. அது பலருக்கு 6 மாதத்தில் முடிந்துவிடும்.

மருந்து நல்லது செய்கிறது. ஆனால் சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். ஏன்?

கல்லீரல் நம் வயிற்றின் வலப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே இருக்கிறது. நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றைக் கல்லீரல்தான் பிரித்து வெளியேற்றுகிறது. ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தியோனமைடு, பெடாகுயிலின் போன்ற மருந்துகள் சிலருடைய கல்லீரலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மது குடிப்பவர்களுக்கும், முன்பே கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

அறிகுறிகள் என்ன?

பசி எடுக்காது. குமட்டும், வாந்தி வரும். வலப்பக்க மேல்வயிறு வலிக்கும். உடல் மிகவும் சோர்ந்துபோகும். சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் போகும். கண் மஞ்சளாகும்.

ரிஃபாம்பிசின் மாத்திரை சாப்பிடுவோருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது மருந்தின் நிறம். அதற்குப் பயப்பட வேண்டாம். கண்ணும் மஞ்சளானால் ஆபத்து.

என்ன செய்ய வேண்டும்?

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த வேளை மருந்தை விழுங்கும் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். தேவையானால் மருந்தைச் சில நாள் நிறுத்துவார்கள். கல்லீரல் தேறியதும் ஒவ்வொரு மருந்தாகத் திரும்பத் தொடங்குவார்கள், அல்லது வேறு மருந்து தருவார்கள்.

"காமாலைதானே, கீழாநெல்லி போதும்" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கல்லீரல் முற்றும் கெட்டால் உயிருக்கே ஆபத்து. "மருந்தே வேண்டாம்" என்று நிரந்தரமாக விட்டுவிடவும் கூடாது. கிருமி மறுபடி பெருகும். வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

நினைவில் வைப்போம்

1. சிகிச்சை முடியும் வரை மதுவைத் தொடக்கூடாது.
2. வேறு எந்த மருந்தானாலும், நாட்டு மருந்தானாலும், மருத்துவரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.
3. சொன்ன நாளில் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.
4. சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற எண்ணில் கேட்கலாம். கட்டணம் இல்லை.

பேசிப் பார்ப்போம்

1. கல்லீரல் எங்கே இருக்கிறது? அதன் வேலை என்ன?
2. உங்கள் தெருவில் ஒருவர் காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். அவருடைய கண் மஞ்சளாக இருக்கிறது. அவரிடம் என்ன சொல்வீர்கள்?