மருத்துவ அறிக்கைக்குச் செல்லும் முன்: செவித்திறன் குறைந்த முன்னாள் படைவீரர்களுக்கு

நீங்கள் மலேசிய ஆயுதப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரா? பணிக்காலத்தில் ஏற்பட்ட செவித்திறன் குறைவு குறித்து மருத்துவ அறிக்கை பெறப் போகிறீர்களா? அந்தச் சந்திப்புக்குத் தயாராக இந்தக் கையேடு உதவும்.

ஏன் தயாராக வேண்டும்?

அறிக்கை எழுதும் மருத்துவர் உங்களோடு பணியாற்றியவர் அல்லர். நீங்கள் சொல்வது, நீங்கள் கொண்டுவரும் ஆவணங்கள், பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் வைத்தே அவர் எழுத முடியும். நீங்கள் சொல்லாத சிரமம் அறிக்கையில் இடம்பெறாது.

கம்யூனிஸ்டுகளுடனான மோதல் 1989 டிசம்பரில் ஹாட்யாய் உடன்படிக்கையுடன் முடிவுக்கு வந்தது. அக்காலத்தில் காட்டில் ரோந்து சென்றவர்களில் பெரும்பாலோர் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, "வயதானால் காது மந்தமாவது இயல்புதானே" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். வயது ஒரு காரணமாக இருக்கலாம். சத்தமும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை ஆராய்வது மருத்துவரின் வேலை.

சத்தம் காதை எப்படிப் பாதிக்கிறது?

நாள்தோறும் 8 மணி நேரம், 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் இருந்தால் காது பாதிக்கப்படலாம். துப்பாக்கி வெடிக்கும் சத்தம் 140 டெசிபலையும் தாண்டும். அது உட்காதிலுள்ள நுண்ணிய செல்களைச் சேதப்படுத்துகிறது. அவை மீண்டும் வளர்வதில்லை.

இந்தப் பாதிப்பு பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில், 4,000 ஹெர்ட்ஸ் அளவை ஒட்டி, முதலில் தெரியும். அதனால்தான் பலர் "பேசுவது கேட்கிறது, ஆனால் புரியவில்லை" என்கிறார்கள். 'கட்டு', 'தட்டு', 'பட்டு' போன்ற சொற்கள் ஒன்றுபோல் ஒலிக்கும். பேரப்பிள்ளைகளின் மெல்லிய குரல் பிடிபடாது. காதில் ஓயாத இரைச்சலும் இருக்கலாம்.

என்னென்ன கொண்டு வர வேண்டும்?

• மைகாட், முன்னாள் படைவீரர் அட்டை
• சேவைப் பதிவுகள், பணி விடுப்புச் சான்றிதழ்
• பணிக்கால மருத்துவப் பதிவுகள். புல்ஹீம்ஸ் தரநிலை இருந்தால் அவசியம் கொண்டு வாருங்கள். அதில் 'எச்' என்ற எழுத்து செவித்திறனைக் குறிக்கும். பணியில் சேர்ந்தபோது இருந்த தரமும் விலகியபோது இருந்த தரமும் வேறுபட்டால் அது முக்கியமான தகவல்
• முன்பு எடுத்த செவித்திறன் பரிசோதனை முடிவுகள்
• இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளும்

அசல் ஆவணங்களோடு நகல்களும் எடுத்து வாருங்கள். அசலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள்

• எந்தப் பிரிவில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பணியாற்றினீர்கள்?
• எந்த ஆயுதங்கள், வாகனங்கள், இயந்திரங்களின் அருகில் இருந்தீர்கள்? காதுக் காப்பு தரப்பட்டதா?
• சிரமத்தை முதலில் எப்போது உணர்ந்தீர்கள்? ஆண்டு நினைவில் இல்லை என்றால், "மூத்த மகள் பள்ளியில் சேர்ந்த சமயம்" என்பது போல எழுதலாம்.
• அன்றாட வாழ்க்கையில் எது கடினமாகிவிட்டது?
• ஓய்வுக்குப் பின் தொழிற்சாலை, லாரி போன்ற சத்தமான வேலை செய்தீர்களா?

கடைசிக் கேள்விக்கான பதிலை மறைக்க வேண்டாம். முழு விவரமும் தெரிந்தால்தான் மருத்துவர் நம்பகமான அறிக்கை எழுத முடியும்.

பரிசோதனைக்கு முன்

குறைந்தது 14 மணி நேரம் உரத்த சத்தத்தைத் தவிருங்கள். முந்தைய நாள் புல்வெட்டும் இயந்திரம் வேண்டாம். திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கி அருகில் உட்காரவும் வேண்டாம். காதில் அழுக்கு இருப்பதாகத் தோன்றினால் பஞ்சுக் குச்சியால் நோண்டாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள். செவிப்பொறி அணிபவர் அதையும் எடுத்து வரவும்.

மருத்துவரிடம் பேசும்போது

வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொல்வோம், மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்றதும் "ஒன்றுமில்லை டாக்டர், நன்றாக இருக்கிறேன்" என்போம். சிரமத்தைப் பொறுத்துப் பழகிய படைவீரர்களுக்கு இது கைவந்த பழக்கம். நீங்கள் மரியாதைக்காகச் சொன்ன அந்தச் சொல்லே பதிவில் ஏறிவிடக்கூடும்.

எனவே நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள். "காது சரியில்லை" என்பதைவிட, "பின்னால் வந்த மோட்டார் சைக்கிளின் ஹாரன் கேட்கவில்லை" என்பது அதிகம் உதவும். மிகைப்படுத்தவும் வேண்டாம். சத்தம் கேட்டும் பொத்தானை அழுத்தாமல் இருந்தால் முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

மனைவியையோ பிள்ளைகளில் ஒருவரையோ உடன் அழைத்து வாருங்கள். நீங்கள் கவனிக்காததை அவர்கள் கவனித்திருப்பார்கள். கேள்வி புரியாவிட்டால் தலையாட்டிவிடாதீர்கள். மெதுவாகப் பேசும்படியோ எழுதிக் காட்டும்படியோ கேளுங்கள்.

காட்டில் நடந்தவை இன்றும் கனவில் வந்து தூக்கத்தைக் கெடுக்கின்றனவா? அதையும் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

அறிக்கைக்குப் பின்

மருத்துவர் நோயின் நிலையையும் தமது மருத்துவக் கருத்தையும் எழுதுவார். ஓய்வூதியமோ உதவித்தொகையோ வழங்குவதை அவர் முடிவு செய்வதில்லை. அது குறித்து முன்னாள் படைவீரர் விவகாரத் துறையை நாடுங்கள். அறிக்கைக்குக் கட்டணம் உண்டா, எப்போது கிடைக்கும் என்பதை முகப்பிடத்தில் கேட்டு, ஒரு நகலைப் பத்திரப்படுத்துங்கள்.

கவனிக்கவும்: ஓரிரு நாள்களுக்குள் திடீரெனக் காது கேட்காமல் போனால் இந்தச் சந்திப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் செவித்திறன் திரும்பும் வாய்ப்பு குறையும்.