பாரிஸ் டிவிடி ஓடவில்லையா? டிரைவைத் திட்டாதீர்கள்!

லீவுக்கு வருகிற பாரிஸ் சித்தப்பா, பிள்ளைகளுக்கென்று நாலு பிரெஞ்சு டிவிடியைக் கொடுத்துவிட்டுப் போவது நம் புதுச்சேரி வீடுகளுக்குப் பழக்கப்பட்டதுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களின் வீடுகளில் கேட்கவே வேண்டாம், அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதுவாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் போட்டதும் 'ரீஜன்' என்று ஏதோ சொல்லி டிரைவ் அடம்பிடிக்கிறதா? கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். காசு செலவில்லாமல் வீட்டிலேயே முடிகிற வேலை இது.

1. முதலில் உங்கள் வீட்டுக் கல்யாண டிவிடியைப் போட்டுப் பாருங்கள். ஸ்டுடியோக்காரர் எழுதிக் கொடுத்த தகட்டில் ரீஜன் பூட்டு எதுவும் கிடையாது. அது நன்றாக ஓடி, பாரிஸ் படம் மட்டும் மறுத்தால் பெரும்பாலும் ரீஜன் கோளாறுதான். இரண்டுமே ஓடவில்லை என்றால் லென்ஸில் தூசியா, கேபிள் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

2. டிவிடி உறையின் பின்பக்கம், ஓரத்தில் சின்ன பூமி உருண்டை படமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும், அதுதான் ரீஜன் எண். பிரான்ஸ் உட்பட மேற்கு ஐரோப்பாவுக்கு 2, அமெரிக்கா, கனடாவுக்கு 1, இந்தியாவுக்கு 5. இலங்கையும் பாகிஸ்தானும் ரஷ்யாவும் நம்மோடு 5-ல்தான் இருக்கின்றன. உருண்டைக்குள் 'ஆல்' என்றோ 0 என்றோ போட்டிருந்தால் எங்கும் ஓடும். படத்தை ஓர் ஊரில் முதலிலும் இன்னோர் ஊரில் மாதங்கள் கழித்தும், வேறு வேறு விலையிலும் விற்பதற்காக சினிமா கம்பெனிகள் போட்ட வேலி இது. நம் டிரைவில் குறை ஒன்றும் இல்லை.

3. டிரைவுக்குள்ளும் இதே மாதிரி ஒரு ரீஜன் எண் உண்டு, அது தகட்டின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். புது டிரைவ் பல நேரம் எந்த எண்ணும் போடாமல்தான் வரும். அந்த நிலையில் பூட்டுள்ள படங்களை அது பெரும்பாலும் ஏற்காது. 'இந்தியாவில்தானே இருக்கிறோம்' என்று கண்ணை மூடிக்கொண்டு 5 போட்டுவிடாதீர்கள். கடைப்பையன்களும் யோசிக்காமல் அதைத்தான் போட்டுத் தருவார்கள். முதலில் உங்கள் அலமாரியில் இருக்கிற உறைகளைத் திருப்பிப் பாருங்கள். இங்கே வாங்கிய தமிழ்ப்படத் தகடுகள் பெரும்பாலும் 'ஆல்' வகை, டிரைவில் எந்த எண் இருந்தாலும் ஓடும். அப்படியிருக்க, பூட்டுள்ளவற்றில் பிரெஞ்சுத் தகடுகளே அதிகம் என்றால் 2 போடுவதுதான் புத்திசாலித்தனம். இங்கே வாங்கிய ஹாலிவுட் படங்களில் 5 என்று போட்டவை நிறைய இருந்தால் மட்டும் 5-க்குப் போங்கள். நம் ஊரில் பல வீடுகளுக்கு 2-தான் சரிப்பட்டு வரும் என்பது என் கட்சி.

4. விண்டோஸில் மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவின் பெயரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், பிறகு 'டிவிடி ரீஜன்' பக்கம். நாட்டுப் பட்டியலில் பிரான்ஸைத் தொட்டால் கீழே ரீஜன் 2 என்று காட்டும். ஓகே கொடுக்கும் முன் அந்த ரீஜன் தகடு ஒன்றை டிரைவுக்குள் போட்டு வையுங்கள். காலி டிரைவில் மாற்றப் போனால் மக்கர் செய்யும்.

5. இந்த மாற்றத்தை ஐந்தே ஐந்து முறைதான் செய்ய முடியும், முதல் தடவை போடுவதும் அந்தக் கணக்கில் சேரும். ஐந்தும் தீர்ந்தால் கடைசியாகப் போட்ட எண் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் பாக்கி ஏறாது, கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது. 'ஃபார்மேட் பண்ணினா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள்.

6. பவர்டிவிடி மாதிரி சில பிளேயர் சாஃப்ட்வேர்கள் தாமும் தனியாக ஒரு ரீஜன் கணக்கு வைத்துக்கொள்ளும். டிரைவில் சரியாகப் போட்ட பிறகும் படம் ஓடவில்லை என்றால் அதன் செட்டிங்கிலும் பார்த்துவிடுங்கள். நடுவில் 'ரீஜனை மாற்றவா?' என்று கேட்டால் பிள்ளைகள் பாட்டுக்கு ஓகே தட்டாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

7. இரண்டு எண்ணும் வேண்டுமா? மாற்றி மாற்றிப் போட்டு ஐந்தையும் தீர்க்காமல் இரண்டு டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை 2-லும் மற்றதை 5-லும் நிறுத்தி, மேலே மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டினால் தாத்தாகூடக் குழம்ப மாட்டார். பழைய லேப்டாப்பின் மெல்லிய டிரைவைக் கழற்றி யுஎஸ்பி கேஸில் போட்டால் அதுவே இரண்டாவது டிரைவ். டெஸ்க்டாப்பின் பெரிய டிரைவுக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற அடாப்டர் வேண்டும், அதனால் சின்னதே சுலபம்.

8. பிரான்ஸிலிருந்து வந்த உறவினர் விட்டுப்போன பழைய லேப்டாப் பரணில் கிடக்கிறதா? அதன் டிரைவில் அநேகமாக 2 ஏற்கெனவே போட்டிருக்கும், பிரெஞ்சுப் படத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அங்கேயும் 230 வோல்ட்தான், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. பிளக் நம் சாக்கெட்டில் ஆடினால் ஒரு கன்வெர்ட்டர் பிளக் போதும். கீபோர்டில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும், படம் பார்க்க அது எதற்கு!

9. காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ வேறெங்கோ பழைய டிரைவ் வாங்கினால், தட்டு திறந்து மூடுகிறதா என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு லேப்டாப்பில் மாட்டி 'டிவிடி ரீஜன்' பக்கத்தில் எத்தனை மாற்றம் பாக்கி என்று பாருங்கள். பூஜ்யம் என்றால், உங்களுக்கு வேண்டிய எண்ணில் நின்றிருந்தாலொழிய வாங்காதீர்கள். பேரம் பேசவும் இது நல்ல பிடி.

10. விண்டோஸ் 10-ல் டிவிடி படம் ஓட்டும் வசதி கூடவே வராது. காசு கொடுத்து எதையும் வாங்காமல் விஎல்சி பிளேயரை இறக்கிக்கொள்ளுங்கள். 1996-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஆரம்பித்த வேலை அது, 2001 முதல் எல்லோருக்கும் திறந்த மென்பொருள். பாரிஸ் டிவிடிக்குப் பாரிஸ் பிளேயர்! எண் போடாத டிரைவிலும் சில தகடுகளை ஓட்டிவிடும், ஆனால் சில லேப்டாப் டிரைவ்கள் எண் போட்டால்தான் வழிக்கு வரும்.

11. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'ரீஜன்செட்' என்ற சின்ன கருவியை நிறுவினால் போதும், எண்ணையும் பாக்கியையும் காட்டி மாற்றித் தரும்.

12. டிரைவின் ஃபர்ம்வேரையே மாற்றி ரீஜனை ஒழித்துக் கட்டலாம் என்று கெட்டிக்காரத் தம்பிகள் யாராவது கிளம்புவார்கள். மாடல் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் நடுவில் கரண்ட் போனாலும் டிரைவ் செத்துப்போகும். நம் ஊர்க் கரண்டை நம்பி அந்த வேலை வேண்டாம்.

13. தகடு உள்ளே மாட்டிக்கொண்டு வரவில்லையா? கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டிரைவின் முகப்பில் இருக்கும் ஊசித் துளைக்குள் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராக விட்டு மெதுவாக அழுத்துங்கள். தட்டு கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம்.

14. கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டல்லவா, தகடுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி, புதுச் செருப்பு டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, மெல்லிய பருத்தித் துணியால். வட்டமாகத் தேய்த்தால் கீறல் விழுந்து படம் தடுக்கும்.

15. அடுத்த முறை சித்தப்பா 'என்ன வாங்கி வரட்டும்' என்று போன் செய்தால் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். உறையின் பின்னால் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், எல்லா பிரெஞ்சு டிவிடியிலும் அது இருக்காது. புளூ-ரே வேண்டவே வேண்டாம். சாதாரண டிவிடி டிரைவ் அதைப் படிக்காது, புளூ-ரே டிரைவ் வாங்கினாலும் அங்கே பி, இங்கே சி என்று இன்னொரு ரீஜன் தகராறு காத்திருக்கிறது.