அலுமினிய அம்பும் பைப் கட்டரும்

பிளம்பரின் பைப் கட்டர் இருந்தால் அலுமினிய அம்பை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்பது நம்பிக்கை. வில் பழகத் தொடங்கியவர்களிடையே இதற்குத்தான் ஆயுள் அதிகம். அம்பும் குழாய்தானே! ஆனால் எப்பேர்ப்பட்ட குழாய் என்று பார்க்க வேண்டும். ஈஸ்டன் அம்பில் 2117 என்று அச்சிட்டிருந்தால், முதல் இரண்டு இலக்கங்கள் வெளிவிட்டத்தைச் சொல்கின்றன: 21/64 அங்குலம். அடுத்த இரண்டும் சுவரின் தடிமன்: அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

பைப் கட்டரின் சக்கரம் உலோகத்தை அறுப்பதில்லை, அழுத்திப் பிரிக்கிறது. அழுந்திய விளிம்பு உள்பக்கம் மடங்கிவிடும். முனையைத் திருகுவதற்கான இன்சர்ட் உள்ளே போகாது. மடிந்ததைச் சுரண்டப் போனால் இருக்கிற மெல்லிய சுவரும் தேயும். துளித் துளியாக இறுக்கிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொறுமைக்கு வணக்கம். ஹாக்ஸா பிளேடு இன்னும் மோசம். பல் சுவரில் மாட்டிக் கிழிக்கும், வெட்டும் கோணலாகும். வேகமாகச் சுழலும் மெல்லிய கட்டிங் வீல்தான் சரி. தண்டை விரலால் உருட்டிக்கொண்டே வெட்டினால் பிசிறு குறைவு. கண்ணாடி போடாமல் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெட்டுவது முனைப் பக்கத்தில்; பழைய அம்புகளில் நாணில் மாட்டும் நாக் பக்கம் கூம்பாக இருக்கும், அதைத் தொடக்கூடாது.

பிசிறை எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது அடுத்த நம்பிக்கை. இதைத்தான் நான் அதிகம் எதிர்ப்பேன். இன்சர்ட்டின் தோள் உட்காருவது அந்த விளிம்பின் மேல்தான். பிசிறு எடுக்கும் கருவியை உள்ளேயும் வெளியேயும் லேசாக ஓரிரு சுற்றுச் சுற்றினால் போதும். அழுத்தித் திருகினால் விளிம்பு கத்திபோல் மெலிந்துவிடும். அம்பு குறியில் மோதும்போது அடியெல்லாம் அந்த மெலிந்த ஓரத்தில் இறங்கும். வெட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்க, விளிம்பில் மார்க்கர் மை தடவி, தட்டையான பலகையில் ஒட்டிய நைஸ் உப்புத்தாளில் தண்டைச் செங்குத்தாக நிறுத்தி மெல்லச் சுற்றுங்கள். மை ஒரு பக்கம் மட்டும் போனால் வெட்டு சாய்வு. பெஞ்ச் கிரைண்டரில் தேய்க்க வேண்டாம். மென்மையான அலுமினியம் கல்லின் துளைகளை அடைத்துவிடும்.

வெட்டினால் நீளம் மட்டும்தான் குறையும் என்பதும் பிழை. அம்பின் விறைப்பை, 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவில் 1.94 பவுண்ட் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு வளைகிறது என்று அளக்கிறார்கள். அச்சிட்ட எண் மாறாது. ஆனால் குட்டையான அம்பு வில்லிலிருந்து கிளம்பும்போது விறைப்பாக நடந்துகொள்ளும். விரலால் நாண் இழுக்கும் வலக்கைக்காரரின் அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, முழுதாக இழுக்கும்போது குட்டை அம்பு, வில்லில் அதைத் தாங்கும் ரெஸ்டை விட்டுப் பின்னால் விழுவது. அந்த நிலையில் நாணை விட்டால் முனை வில் பிடித்த கையைத் துளைக்கலாம். புதியவர்கள் ஓரிரு அங்குலம் கூடுதலாகவே வைத்து வெட்டட்டும்.

கடைசியில் துகள். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது, துடைத்துத்தான் எடுக்க வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உட்சுவரைத் துடைத்துக் காயவிட்ட பிறகே பசை. ஹாட் மெல்ட் பசை என்றால் சூட்டை இன்சர்ட்டுக்குக் காட்டுங்கள். தண்டை நேராகத் தீயில் பிடித்தால் அதன் உலோகக் கலவைக்கு வெப்பப் பதத்தால் வந்த வலு போய்விடும்.