ப்ராஜெக்ட் தலைப்பு துறைமுகச் சாலையில் ஓடுகிறது

‘டிஜிட்டல் பேமென்ட் குறித்த நுகர்வோர் விழிப்புணர்வு: தூத்துக்குடி மாவட்டம்.’ இந்தத் தலைப்பை இந்த வருடமும் யாரோ ஒரு எம்.காம். மாணவர் டைப் செய்துகொண்டிருப்பார். நூறு பேருக்கு கூகுள் ஃபார்ம், ஒரு கை-ஸ்கொயர் டெஸ்ட், கடைசியில் ‘விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்’ என்றொரு பரிந்துரை. வைவாவில் தேறிவிடலாம். இன்டர்வியூவில் அது உதவாது. எதிரே இருக்கும் ஆடிட்டர் இதே ப்ராஜெக்ட்டை வேறு வேறு அட்டைகளில் பார்த்துச் சலித்தவர். எம்.காம். முடிப்பவர்கள் ஏராளம்; அவர்களிலிருந்து உங்களைப் பிரித்துக் காட்டப்போவது இந்த ஒரு ப்ராஜெக்ட்தான். அதை வீணாக்காதீர்கள்.

1. தலைப்பை ரோட்டில் தேடுங்கள். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இரண்டு லாரிகளைக் கவனியுங்கள். ஒன்றில் ஏற்றுமதி இறால் கன்டெய்னர். அந்தச் சரக்குக்கு இ-இன்வாய்ஸ், இ-வே பில், சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் ஷிப்பிங் பில், அடுத்த மாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்று வரிசையாகப் பதிவுகள் விழும். இன்னொன்றில் உப்பு. உப்புக்கு ஜிஎஸ்டி இல்லை. அதனால் இ-வே பில்லும் தேவையில்லை. உப்பு ஏற்றும் லாரி வாடகைக்கும் வரிவிலக்கு. வரியில்லாப் பொருளை மட்டும் விற்பவர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே எடுக்க வேண்டியதில்லை.

சலுகை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் உப்பளத்துக்காரர் பம்ப் செட்டுக்கும் தார்ப்பாய்க்கும் கட்டிய வரிக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. அது அப்படியே செலவில் சேர்ந்துவிடும். அதைவிட முக்கியம், அவருடைய வியாபாரம் ஜிஎஸ்டி போர்ட்டலில் தெரியாது. கணக்குப்பிள்ளையின் நோட்டில்தான் இருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்னைப் பார்த்து வங்கிகள் கடன் கொடுக்கும் காலத்தில், நாட்டின் முக்கிய உப்பு உற்பத்தி மையங்களில் ஒன்றான இந்த ஊரின் உற்பத்தியாளர் எதைக் காட்டிக் கடன் கேட்பார்? என்ன வட்டிக்கு வாங்குகிறார்? இது ஆராய்ச்சிக் கேள்வி. உலகத் தரமான கேள்வியும்கூட. சிலி நாட்டில் பொருளாதார ஆய்வாளர் டீனா பொமரான்ஸ் செய்து 2015-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியான ஆய்வு, பில் தடம் இருக்கும் இடத்தில் வரி எப்படித் தானாகவே ஒழுங்குக்கு வருகிறது என்பதை அளந்து காட்டியது. தடமே இல்லாத உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் அளக்கலாம்.

2. ஒரு எரர் கோடையாவது கரைத்துக் குடியுங்கள். என் சிபாரிசு எஸ்பி005. ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்பவருக்கு ஷிப்பிங் பில்தான் ரீஃபண்ட் விண்ணப்பம். அதிலுள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டிஆர்-1-இல் உள்ள எண்ணும் பொருந்தாவிட்டால் இந்த கோடு விழும், பணம் நிற்கும். எண்ணில் ஒரு ஹைபன், ஒரு பூஜ்ஜியம் விடுபட்டாலும் போதும். 2018-இல் தேங்கிய ரீஃபண்டுகளைத் தீர்க்கச் சுங்கத்துறை நாடு முழுவதும் சிறப்பு முகாம் நடத்த வேண்டியிருந்தது. ‘ரீஃபண்ட் தாமதம் ஏற்றுமதியாளரின் ஒர்க்கிங் கேப்பிட்டலை எப்படிப் பாதிக்கிறது’ என்று ஒரு ப்ராஜெக்ட் செய்தவரை எந்த ஃபார்வர்டிங் கம்பெனியும் வாசலோடு அனுப்பாது.

3. தேதிகளைப் பயன்படுத்துங்கள். இ-இன்வாய்ஸ் கட்டாயம் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் டர்ன்ஓவருக்கு மேலுள்ளவர்களுக்கு வந்தது. 2022 அக்டோபரில் வரம்பு 10 கோடி. 2023 ஆகஸ்டில் 5 கோடி. அதாவது 10 கோடிக்குச் சற்று மேலே இருந்தவர் முதலில் மாட்டினார், சற்றுக் கீழே இருந்தவர் பத்து மாதம் கழித்து. இருவரின் கணக்கையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டால் டிஜிட்டல் முறை என்ன மாற்றியது என்பது தெரியும். அரசாங்கமே உங்களுக்காகச் சோதனை நடத்தி வைத்திருக்கிறது.

இன்னொரு தேதி நம் மாவட்டத்துக்கே உரியது. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை. நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள் டிசம்பர் 20. தூத்துக்குடி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களுக்கு ஜனவரி 10 வரை அவகாசம் தரும் அறிவிப்பு ஜனவரியில்தான் வந்தது. கரன்ட், நெட் இல்லாத அந்த நாட்களில் யார் ஃபைல் செய்தார்கள்? யாருடைய கணக்கு தண்ணீரில் மூழ்கிய சிபியூவில் இருந்தது, யாருடையது கிளவுடில் இருந்தது? வெள்ளத்தில் கடை இழந்தவர்கள் இன்னும் நினைவோடு பேசுவார்கள். இதை இப்போதே பதிவு செய்யாவிட்டால் அந்த விவரம் போய்விடும்.

4. டேட்டா வாங்கும் முறை. 10-ஆம் தேதியிலிருந்து 20-ஆம் தேதி வரை ஆடிட்டர் ஆபீஸ் படியேறாதீர்கள். ஜிஎஸ்டிஆர்-1-க்கு 11-ஆம் தேதியும் 3பி-க்கு 20-ஆம் தேதியும் கடைசி நாள். மாதக் கடைசியில் போங்கள். வெறுங்கையோடு கேட்காதீர்கள். “சார், இரண்டு மாத ஜிஎஸ்டிஆர்-2பி ரீகன்சிலியேஷனை நான் முடித்துத் தருகிறேன், பெயரை மறைத்து டேட்டாவைப் பயன்படுத்திக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். அவருக்கு வேலை மிச்சம். உங்களுக்கு டேட்டாவோடு அனுபவமும். மறைக்கும்போது பெயரை மட்டும் அழித்தால் போதாது. ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் 3 முதல் 12 வரை அந்த வியாபாரியின் பான் எண்தான். முழு எண்ணையும் நீக்கிவிட்டு, உங்கள் சொந்த வரிசை எண்ணைப் போடுங்கள். இதில் ஒருமுறை சறுக்கினால் இந்தச் சின்ன ஊரில் அடுத்த கதவு திறக்காது.

5. எஸ்பிஎஸ்எஸ் கைடுக்காக, எக்செல் பவர் குவெரி சம்பளத்துக்காக. இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

6. ரெஸ்யூமேயில் ப்ராஜெக்ட் தலைப்பை எழுதி நிறுத்தாதீர்கள். எத்தனை ஷிப்பிங் பில்களை ஜிஎஸ்டிஆர்-1-உடன் ஒப்பிட்டீர்கள், எத்தனை பொருந்தவில்லை, என்ன காரணம், திருத்தியபின் ரீஃபண்ட் வர எத்தனை நாள் ஆனது என்பதை இரண்டே வரியில் எழுதுங்கள். இன்டர்வியூவுக்குப் பெயர் நீக்கிய ஒர்க்ஷீட்டை லேப்டாப்பில் கொண்டுபோங்கள். கேட்டால் உடனே திறந்து காட்ட வேண்டும். ஃபார்முலா எப்படிப் போட்டீர்கள் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும்.